சைக்கிள் செயினுக்கு எண்ணெயா, மெழுகா?

செயின் பெரிதும் தேய்வது கண்ணுக்குத் தெரியும் வெளிப்பரப்பில் அன்று. ஒவ்வொரு கண்ணியின் உள்ளே, ஊசியும் தகடும் உரசும் இடுக்கில்தான். ஆகவே அந்த இடுக்கில் மணலைச் சேரவிடாமல் காப்பது எது என்பதே முதற்கேள்வி.

அழுக்கு: எண்ணெய் ஈரமாகவே இருப்பதால் புழுதியை ஈர்த்து, நாளடைவில் உப்புத்தாளைப் போல உராயும் கரிய பசையாக மாறுகிறது. உருக்கிப் பூசிய பாரஃபின் மெழுகு குளிர்ந்ததும் இறுகிவிடுவதால், புழுதி அதில் அவ்வளவாக ஒட்டுவதில்லை, கால்சட்டையும் கறைபடாது.

மழை: எண்ணெய் தாக்குப்பிடிக்கும். மெழுகிட்ட செயின் நனைந்தால் விரைவில் உலர்த்தி மீண்டும் மெழுகிட வேண்டும், இல்லையேல் துருப்பிடிக்கும்.

உழைப்பு: எண்ணெயை ஒரு கண்ணிக்கு ஒரு துளி விட்டு, பெடலைச் சில சுற்றுகள் சுற்றி, மிகுதியைத் துணியால் துடைத்தால் போதும் (பலர் மறப்பது இந்தத் துடைப்பைத்தான்). மெழுகுக்கோ செயினைக் கழற்றி, புதுச் செயினில் வரும் கிரீஸ்கூட எஞ்சாமல் கழுவி உலர்த்தி, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் உருகும் மெழுகில் மூழ்கவைத்து எடுக்க வேண்டும். அதை நேரடித் தீயில் உருக்குவது ஆபத்தானது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தே உருக்க வேண்டும்.

செலவு: இரண்டுமே பெரிய செலவில்லை. ஆனால் சுத்தமான செயின் பற்சக்கரங்களையும் நெடுநாள் காப்பதால், இறுதிக் கணக்கில் மெழுகே மிச்சம் என்பது என் கருத்து.

உலர்ந்த, புழுதி மிகுந்த சாலையில் ஓட்டுபவர், பொறுமையும் உடையவராயின், மெழுகைத் தேர்ந்தெடுக்கலாம். மழையிலும் நாள்தோறும் ஓட்டியாக வேண்டியவருக்கு எண்ணெயே ஏற்றது. சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும்.