கண்மாயில் தூண்டில் போடுபவருக்குப் பயம் தண்ணீரிலா, கரையிலா?

மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கென்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் ஒரு சுலபமான குறிப்பு சுற்றுகிறது. உடம்பு முழுக்கத் தண்ணீருக்கு மேலே மிதந்தால் விஷப் பாம்பாம், தலை மட்டும் தெரிந்தால் விஷமில்லாததாம். இது அமெரிக்கச் சரக்கு. அங்கே தென்கிழக்கு மாநிலங்களின் சதுப்புகளில் விஷமுள்ள விரியன் வகை ஒன்று தண்ணீரிலேயே வாழ்கிறது. அதையும் அங்குள்ள சாதுவான தண்ணீர்ப் பாம்புகளையும் பிரித்தறியச் சொன்ன குறிப்பு அது. மதுரைப் பக்கம் அப்படி ஒரு பாம்பே இல்லாதபோது அந்தக் குறிப்பை வைத்து என்ன செய்வது?

வண்டியூர், மாடக்குளம், மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் என்று எங்கே போனாலும் நிலைமை ஒன்றுதான். தண்ணீரையே வீடாகக் கொண்ட பாம்புகளுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. உயிருக்கு ஆபத்தான நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் தரைவாசிகள். அவற்றுக்கும் நீந்தத் தெரியும், தவளைக்காகவோ வெள்ளத்தில் அடித்தோ தண்ணீருக்குள் வரவும் செய்யும், ஆனால் அங்கே குடியிருக்காது. அதனால் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பயப்படுவதைவிட, கரையேறி நடக்கும்போது காலடியைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. சரி, ஒவ்வொரு ஜோடியாக வைத்துப் பார்க்கலாம்.

தண்ணிப் பாம்பும் நல்ல பாம்பும்

தூண்டில்காரர் கண்ணில் படுவதில் பெரும்பாலானது கண்டங்கண்டை நீர்க்கோலி. ஊரில் யாரும் இந்த முழுப்பெயரைச் சொல்வதில்லை. தண்ணிப் பாம்பு என்றால் இதுதான். மஞ்சளாகவோ பாசி கலந்த பழுப்பாகவோ உடம்பு, அதன்மேல் வரிசை வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள், வெளுத்த வயிறு. இரண்டு மூன்றடி நீளம் சாதாரணம். பெண் பாம்பு இன்னும் பெருக்கும்.

விஷம் இல்லையே தவிர, கோபத்துக்குக் குறைவில்லை. மடைப் பக்கம் வெயில் காய்கிற நேரத்தில் வழியை மறித்துவிட்டால் முன்னுடம்பைத் தூக்கும், கழுத்தைத் தட்டையாக்கும், சீறிக்கொண்டு எகிறும். "படம் எடுக்குதுடா!" என்று ஒருவர் கத்தினால் போதும், கம்பு எங்கிருந்தோ வந்துவிடும். இப்படி நல்ல பாம்பின் கணக்கில் அடிபட்டுச் செத்த தண்ணிப் பாம்புகள் ஏராளம்.

இரண்டின் படத்தையும் ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் குழப்பம் தீரும். நல்ல பாம்பு விலா எலும்புகளை விரித்துப் படமெடுக்கிறது. தலையைவிட நன்றாக அகன்ற படம், உடம்பில் மூன்றில் ஒரு பங்கு வரை செங்குத்தாக நிமிரும். தண்ணிப் பாம்பு கழுத்தை அழுத்தித் தட்டையாக்குகிறது, அவ்வளவுதான். அகலம் தலையைவிடக் கொஞ்சம் கூடும், செதில்கள் விலகி இடையில் தோல் தெரியும், உடம்பும் அவ்வளவு உயரம் எழும்பாது.

படத்தின் பின்பக்கக் கண்ணாடிக் குறியைத் தேடச் சொல்வார்கள். எதிரில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, குறி மங்கிப்போன, குறியே இல்லாத நல்ல பாம்புகளும் உண்டு. முன்னால் நின்று பார்க்கிறவர் கழுத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். நல்ல பாம்புக்கு அங்கே குறுக்கே கருத்த பட்டைகள் இருக்கும், தண்ணிப் பாம்புக்கு வெறும் வெளுப்பு.

நான் அதிகம் நம்பும் அடையாளம் கண்ணுக்குக் கீழே இருக்கிறது. தண்ணிப் பாம்புக்குக் கண்ணிலிருந்து இரண்டு கறுப்புக் கோடுகள் இறங்கும். ஒன்று கண்ணுக்கு நேர் கீழே உதடு வரை, இன்னொன்று கண்ணுக்குப் பின்னாலிருந்து சாய்ந்து வாயின் ஓரம் வரை. மை தீட்டிவிட்டதுபோலத் துலக்கமாக இருக்கும். கைபேசியில் தள்ளி நின்று படம் எடுத்துப் பெரிதாக்கினாலே தெரியும், கிட்டே போகவேண்டிய வேலையில்லை.

தண்ணீருக்குள் இரண்டும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. தண்ணிப் பாம்பு தலையைச் சற்றே மேலே வைத்து நீந்தும், கல்லெறிந்தால் சட்டென்று முங்கி ஆகாயத்தாமரைக்கு அடியில் போய்விடும். நல்ல பாம்பும் சாரையும் மேல்மட்டத்தில் தலையைத் தூக்கி நீந்தும், பயந்தால் பெரும்பாலும் கரையைத் தேடித்தான் ஓடும். அது ஏறப்போகிற கரையில் நீங்கள் நின்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். துரத்துகிறது என்று நினைத்து ஓடுகிற பலருக்கும் நடப்பது இதுதான், பாம்புக்குப் போக வேறு வழியில்லை.

கட்டமில்லாத தண்ணிப் பாம்பும் சாரையும்

பாசி நிறத்தில், கட்டமோ கோடோ இல்லாமல், மஞ்சள் வயிற்றோடு ஒரு தண்ணீர்ப் பாம்பு உண்டு. மூக்குத் துளை மேல்பக்கம் இருப்பதால் மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சுவிடும். கண்டங்கண்டை மாதிரி முன்கோபி கிடையாது, கடிப்பது அபூர்வம். சாரை அதைவிட நீளம், பெரிய கண், உதட்டில் நெடுக்குக் கறுப்புக் கோடுகள். அதற்கும் விஷமில்லை. இந்த இரண்டைப் பற்றி இவ்வளவு போதும். விலாங்கையும் ஆராலையும் பாம்பு என்று நினைத்துத் தூண்டிலோடு விட்டெறிகிறவர்களும் இருக்கிறார்கள். முதுகில் துடுப்பு ஓடினால் அது மீன், குழம்புக்கு நல்லது.

இரவுக் காவலுக்குக் கட்டுவிரியன்

பகல் தூண்டிலுக்கு மேலே சொன்னது போதும். மீன்பாசி, அதாவது கண்மாயில் மீன்பிடிக்கும் உரிமையை, குத்தகை எடுத்துக் கரையில் கொட்டகை போட்டுக் காவல் இருக்கிறவர்களும், கெளுத்திக்கு இரவுத் தூண்டில் போடுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஜோடி வேறு. கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும்.

இரண்டும் இருட்டில் அலையும், இரண்டுக்கும் கருத்த உடம்பில் வெள்ளை வளையங்கள். வரையனுக்கு விஷமில்லை. வளையங்கள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். வரையனுக்குக் கழுத்திலேயே பட்டை தெளிவாக ஆரம்பித்து வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு அப்படியே தலைகீழ். கழுத்துப் பக்கம் வெறுமையாகவோ புள்ளியாகவோ இருக்கும், வாலை நோக்கி வளையங்கள் இரட்டை இரட்டையாகத் தெளியும். நடு முதுகில் பெரிய அறுகோணச் செதில்கள் ஒரு வரிசையாக ஓடுவதும் கட்டுவிரியனுக்கே உரியது. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் செதில் எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லமாட்டேன். இரவில் கருத்த உடம்பும் வெள்ளை வளையமும் தெரிந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகுங்கள்.

கண்மாய்க் கரையின் எலி வளையும் நண்டு வளையும் அதற்கு வசதியான இடம். மற்றப் பாம்புகளைத் தின்பதால் தண்ணிப் பாம்பு இருக்கும் இடத்துக்கு அது வருவதிலும் வியப்பில்லை. இதன் கடிதான் நாலில் மோசமாக ஏமாற்றும். வலி, வீக்கம் எதுவும் சொல்லும்படி இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். தூங்குகிறவர் விழித்துக்கொள்ளாமலே இருக்கலாம். விடியும் நேரத்தில் வயிற்று வலி, இமை செருகல், எச்சில் விழுங்க முடியாத நிலை வரும். ராத்திரி தின்ற மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் மூச்சுத் தசைகள் ஓயத் தொடங்கிவிடும். தரையில் சாக்கு விரித்துப் படுக்காமல் கட்டிலில் ஏறி, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் இந்த ஆபத்தில் பெரும்பங்கு குறைந்துவிடும்.

வரப்பில் கிடக்கும் விரியன்

கண்ணாடி விரியன் தண்ணீரை ஒட்டிய புல்லிலும் அறுத்த நெல் தாளிலும் அசையாமல் கிடக்கும், ஆள் வந்தாலும் நகராது. தடித்த உடம்பு, முக்கோணத் தலை, முதுகில் சங்கிலிக் கண்ணிகளைப் போல மூன்று வரிசை நீள்வட்டங்கள். தொந்தரவு செய்தால் குக்கர் விசில் மாதிரி உரக்கச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று தெரியும்வரை அடி எடுத்து வைக்காதீர்கள்.

இதோடு அதிகம் குழம்புவது மண்ணுளியும் மலைப்பாம்புக் குட்டியும். அவற்றின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று கலந்து ஓடும், விரியனுக்கு ஒவ்வொரு வட்டமும் கறுப்பு விளிம்போடு தனித்து நிற்கும். மண்ணுளிக்கு வால் மொட்டையாக முடியும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து விரியனைக் கையில் எடுப்பதுதான் இதில் பெரிய விபத்து.

முக்கோணத் தலை என்றால் விஷம் என்ற பொதுவிதி இந்த இடத்தில் மட்டும் செல்லும். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை இல்லை. தண்ணிப் பாம்போ கோபத்தில் தலையைத் தட்டையாக்கி முக்கோணம் காட்டிவிடும். சுருட்டை விரியன் வறண்ட பொட்டலும் பாறையும் விரும்புவது. கண்மாய் வற்றிக் கிடக்கிற காலத்தில், குன்றடிவாரக் கரைகளில் கவனம் இருந்தால் போதும்.

தூண்டிலா, ஊத்தாவா, வலையா?

மேலூர்ப் பக்கம் கோடையில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே சேறும் நீருமாக இறங்கி, அடியும் மேலும் திறந்த கூடைப் பொறியான ஊத்தாவைக் குத்தும். ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே தோள்வரை கையைவிட்டுத் துழாவும்போது விரலில் படுவது விராலா பாம்பா என்று கண்ணுக்குத் தெரியாது. அங்கே கிடைக்கும் கடி பெரும்பாலும் தண்ணிப் பாம்புக் கடியாக இருக்கும். அதன் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கையை வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழிந்து ரத்தம் கொஞ்ச நேரம் ஒழுகும்.

தூண்டிலில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் விராலுக்குத் தவளைக் குஞ்சு மாட்டிப் போட்டால் தண்ணிப் பாம்பும் வந்து கவ்வும். முள்ளைப் பிடுங்கப் பார்க்காமல் எட்ட நின்று தூண்டில் நரம்பை அறுத்துவிடுங்கள். மூன்றிலும் எனக்குச் சந்தேகமுள்ளது ராத்திரி கட்டிவைத்துக் காலையில் எடுக்கும் வலை. அதில் சிக்கியிருப்பது எது என்று தெரியும்வரை விஷப் பாம்பு என்றே நினைக்க வேண்டும். செத்துக் கிடந்தாலும் சரி, நல்ல பாம்பின் அறுந்த தலைகூடச் சிறிது நேரத்துக்குக் கடிக்கும். வலையை வெட்டுங்கள், அறுந்த கண்ணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடித்த பிறகு அடையாளம் எதற்கு?

இவ்வளவு நேரம் சொன்ன அடையாளமெல்லாம் கடிபடுவதற்கு முன்னால்தான். கடித்த பிறகு பாம்பைத் தேடி அலைவதில் பயனில்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்தது, எது கடித்திருந்தாலும் ஊசி ஒன்றுதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருகிறவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இரண்டு பல் தடம் என்றால் விஷம், பல தடம் என்றால் இல்லை என்று சொல்வார்கள். அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது மூன்றுமே கெடுதல். மோதிரம், கொலுசு, இறுக்கமான கயிறு இருந்தால் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, 108-க்கு அழையுங்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி அரசு மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே முதலில், பிறகு தேவைப்பட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. தண்ணிப் பாம்புதான் என்று உறுதியாகத் தெரிந்தால் சோப்புப் போட்டுக் கழுவி ஒரு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டால் ஆயிற்று. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் மருத்துவமனைதான். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி அறிவிக்கவேண்டிய நோய், அதனால் மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும்.

விடுமுறைக்கு மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலுக்குத் தூண்டிலோடு போகிற மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கணக்கு அப்படியே மாறிவிடும். துடுப்புப் போலத் தட்டையான வால் தெரிந்தால் அது கடல்பாம்பு, கடும் விஷம். தானாகக் கடிப்பது குறைவுதான், ஆனால் நம் விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. கரைவலையில் வந்ததைக் கண்மாய்ப் பழக்கத்தில் கையால் எடுத்துப் போடாதீர்கள்.