அருஷாவில் சஃபாரிக்கு முன்பணம் கட்டப்போகிறீர்களா? ஒரு நிமிடம்

தான்சானியாவில் தன்னார்வலராக இருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்க்கக் குடும்பத்தோடு வரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அருஷாவில் இருக்கும் ஒரு சின்ன சஃபாரி ஏஜென்சியிடம் போன வாரம் 1,200 டாலரைப் பறிகொடுத்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அருஷாவுக்கு வெளியே ஒரு கிராமப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் என்னைப் பார்க்க வருவது உறுதியானதும், பழைய எரிமலை இடிந்து உண்டான, காட்டு விலங்குகள் நிறைந்த ங்கோரோங்கோரோ பள்ளத்தை அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பாவுக்கு முட்டி வலி. இன்னும் தள்ளியிருக்கும் செரெங்கெட்டி தேசியப் பூங்கா வரை குலுங்கிக்கொண்டு போக அவரால் முடியாது. பள்ளத்தில் என்றால் ஜீப்பில் உட்கார்ந்தபடியே யானை, எருமை, சிங்கம் எல்லாம் பார்த்துவிடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்புக் காண்டாமிருகமும் கண்ணில் படும்.

அந்த ஏஜென்சிக்காரரை நான் எப்படி நம்பினேன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களையும் அப்படித்தான் நம்ப வைப்பார்கள். அவர் விலையைக் குறைத்துப் பேசவே இல்லை. ஒரு தாளை எடுத்து வரி வரியாக எழுதினார். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 60 டாலர், அதன்மேல் 18 சதவீத வரி, ஆக 70.80. ஜீப் பள்ளத்துக்குள் இறங்க 250, வரியோடு 295. போய்ச் சரிபார்த்தேன், எல்லாம் அரசு சொல்கிற கணக்கேதான். அப்புறம் என் தங்கும் அனுமதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தன்னார்வலர்களுக்குத் தருகிற சி வகுப்பு அனுமதி அது. “உங்களுக்கு மட்டும் கட்டணம் குறையும். அப்பா அம்மா சுற்றுலா விசாவில் வருகிறார்கள், அவர்களுக்கு முழுசாகத்தான் கட்ட வேண்டும். குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்” என்றார். இப்படி நம் பக்கம் நின்று பேசுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

மொத்தம் 2,400 டாலர், பாதி முன்பணம். நிறுவனக் கணக்கை வங்கி புதுப்பித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லித் தன் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தார். அக்கா ஊரிலிருந்தே 1,200 டாலரை அனுப்பினாள். சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணம். இங்கே நான் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, அதில் பல மாதம் ஓட்டலாம்.

கிளம்பிய அன்று ஜீப் தாமதமாக வந்தது. சரி, போகட்டும் என்று ஏறினோம். மகுயூனி, ம்டோ வா ம்பு, கராட்டு ஊர்களைத் தாண்டி, ங்கோரோங்கோரோவுக்குள் நுழையும் லொடோவாரே வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே காசாகக் கொடுத்து உள்ளே போக முடியாது. ஏஜென்சி முன்கூட்டியே, அரசுக்குப் பணம் கட்டுவதற்கென்று தருகிற ஒரு கட்டண எண்ணை (control number) எடுத்து, அதில் பணம் கட்டி அனுமதிச்சீட்டு வாங்கியிருக்க வேண்டும். எங்கள் பெயரில் ஒன்றுமே இல்லை. வாசலில் இருந்த அலுவலர் பாவம், மறுபடி மறுபடி தேடிப் பார்த்தார். ஓட்டுநர் முதலாளியைக் கூப்பிட்டார். “சிஸ்டம் வேலை செய்யவில்லை, இதோ வந்துவிடும்” என்றார் முதலாளி. பக்கத்து வண்டிகளெல்லாம் அதே சிஸ்டத்தில் சீட்டு வாங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தன! மத்தியானம் வரை அப்பா காலை நீட்ட முடியாமல் அந்த ஜீப்பில் கிடந்தார். அதற்குமேல் முதலாளி போனையே எடுக்கவில்லை. கராட்டுவில் எங்களுக்காக எடுத்ததாகச் சொன்ன அறையும் இல்லை. ஓட்டுநருக்கு அன்றைய கூலிகூடத் தரவில்லையாம். தலைகுனிந்தபடி எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

அதற்குப் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஏஜென்சியிலிருந்து வந்த பதில்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. முதலில் “மன்னிக்கவும், நாளைக்கே பணம் வந்துவிடும்.” அப்புறம் “முதலாளி தார் எஸ் சலாமில் இருக்கிறார்.” அப்புறம் “வங்கி விடுமுறை.” அப்புறம் “அடுத்த தடவை வரும்போது கழித்துக்கொள்கிறோம்.” அடுத்த தடவையா? அம்மா அப்பா இந்த வயதில் இன்னொரு முறை இவ்வளவு தூரம் வருவார்களா? கடைசியில் வந்ததுதான் உச்சம்: “நீங்களாகத்தான் பாதியில் திரும்பினீர்கள், முன்பணம் திருப்பித் தரப்படாது.” இப்போது வாட்ஸ்அப்பில் அவர் படமும் தெரியவில்லை. 1,200 டாலர். ஒரு காட்டெருமையைக்கூட அவர்கள் பார்க்கவில்லை.

மிச்ச நாட்களில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் இருக்கும் மோஷிக்குக் கூட்டிப்போனேன். ஒரு காலையில் மேகம் விலகி கிளிமஞ்சாரோ முழுசாகத் தெரிந்தது, அம்மாவுக்கு அது போதுமாம். எனக்குப் போதவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது இவ்வளவுதான் வருகிறது. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், என்ன காரணம் சொன்னாலும் சரி. வண்டியில் ஏறும் முன் கட்டண எண்ணும், அதில் பணம் கட்டிய ரசீதும் கையில் வேண்டும், அதில் உங்கள் நாளும் ஆட்களின் எண்ணிக்கையும் சரியா என்று பாருங்கள். இந்த ஆண்டுக்கான சுற்றுலா உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அறை முன்பதிவை விடுதிக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்.

அருஷாவில் சுற்றுலாப் போலீஸிடம் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். வேறு யாராவது இதே மாதிரி பணத்தை இழந்திருந்தால் தயவுசெய்து நீங்களும் போய் எழுதிக் கொடுங்கள். அதே கணக்கு எண் இன்னொரு புகாரிலும் வந்தால், “நீங்களாகத் திரும்பினீர்கள்” என்று அங்கே அவரால் சொல்ல முடியாது.