போர்வீரன் கை: சேர்த்து மூடுவதா, விரல் பிரித்து விடுவதா?

1066ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பேயூ திரைச்சீலை என்ற பூத்தையல் சித்திரத்தில் வீரர்களின் கைகளைக் கவனித்துப் பாருங்கள். தலையில் இரும்புத் தொப்பி, உடம்பில் முழங்கால் வரை சங்கிலிக் கவசம், கை மட்டும் வெறுங்கை. எதிரியின் வாளுக்கு முதலில் எட்டுவது அந்தக் கைதான். ஆனால் கையை மூடினால் மட்டும் போதாது, மூடிய பிறகும் அது வேலை செய்ய வேண்டுமே. அன்றிலிருந்து இன்றுவரை போட்டி இரண்டு வகைகளுக்கு இடையில்தான்: நான்கு விரலும் ஒரே பைக்குள் போகும் மிட்டன் ஒன்று, விரல் விரலாகப் பிரிந்த கையுறை இன்னொன்று.

முதல் சுற்றில் ஜெயித்தது மிட்டன். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சங்கிலிக் கவசத்தின் சட்டைக்கையே நீண்டு கையையும் மூடியது. உள்ளங்கைப் பக்கம் தோல் வைத்து அதில் ஒரு பிளவு விட்டார்கள். சண்டை இல்லாத நேரத்தில் அந்த வழியாகக் கையை வெளியே எடுத்துக்கொள்ளலாம். வெட்டை நன்றாகத் தாங்கும். கதாயுதத்தால் ஓங்கி அடித்தால்தான் சிக்கல்: வளையங்கள் வளைந்து கொடுக்க, உள்ளே எலும்பு நொறுங்கும்.

14ஆம் நூற்றாண்டில் தகட்டுக் கையுறை வந்ததும் கதை மாறியது. இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில், 1376இல் இறந்த இளவரசர் எட்வர்டின் கையுறைகள் இருக்கின்றன. மணிக்கட்டில் குறுகி முன்கையில் விரியும் வடிவம், ஒவ்வொரு விரலுக்கும் தனித் தகடுகள். அழகில் இதை மிஞ்ச ஆளில்லை. வாளைச் சுழற்றிப் பிடிக்கவும் வசதி. ஆனால் விரல் தகடு சிறியது. அடி விழுந்தால் முழு வேகத்தையும் அந்த ஒரு விரலே தாங்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பட்டறைகள் செய்த மிட்டன் வகையில் அகலமான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அடியை நான்கு விரலுக்கும் பரப்பிவிடும். ஈட்டியோ கோடரியோ பிடிப்பவருக்கு நான் மிட்டனைத்தான் சொல்வேன். இரண்டிலுமே உள்ளங்கையில் இரும்பு கிடையாது, தோல்தான். இரும்பு வைத்தால் ஆயுதம் வழுக்கும்.

துப்பாக்கி வந்த பிறகு மருந்து கொட்டி, குண்டு இட்டு, திரி பற்றவைக்க விரல் நுனி தேவைப்பட்டது. இரும்புக் கையுறை மெல்ல மறைந்தது. 17ஆம் நூற்றாண்டுக் குதிரைப்படையில் கடிவாளம் பிடிக்கும் இடது கைக்கு மட்டும் நீண்ட இரும்புக் கையுறை கொஞ்சகாலம் தாக்குப்பிடித்தது.

அப்புறம் எதிரி மாறினான்: குளிர். இங்கே மிட்டனுக்கு இயற்பியலே துணை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தால் வெப்பம் வெளியேறும் பரப்பு குறைவு. ஆனால் மிட்டனோடு துப்பாக்கி டிரிக்கரை அழுத்த முடியாது. அதனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சோவியத், ஜெர்மன், அமெரிக்கப் படைகள் எல்லாமே ஒரே சமரசத்துக்கு வந்தன: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தனியே, மற்ற மூன்றும் ஒரே பையில். சுடாத நேரத்தில் ஆள்காட்டி விரலையும் பைக்குள் இழுத்துக்கொள்ளலாம். 1950 குளிர்காலத்தில் கொரியாவின் சாங்ஜின் நீர்த்தேக்கத்தருகே வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போனது. அந்தக் குளிரில் வெறுங்கையால் துப்பாக்கியின் உலோகத்தைத் தொட்டாலே தோல் ஒட்டிக்கொள்ளும். தோட்டா நிரப்பவோ காயத்துக்குக் கட்டுப்போடவோ மிட்டனைக் கழற்றினால் பனிக்கடி காத்திருக்கும்.

டிரிக்கர் சிக்கலுக்கு எனக்குப் பிடித்த தீர்வு கையுறைக்காரர்களிடமிருந்து வரவில்லை. அமெரிக்கப் படையின் எம்-16 துப்பாக்கியில் டிரிக்கரைச் சுற்றியுள்ள காப்பு வளையம் கீழ்நோக்கித் திறக்கும், தடித்த கையுறையோடு விரல் நுழைவதற்காக. கையை மாற்ற முடியாவிட்டால் துப்பாக்கியை மாற்று! சரியான புத்தி.

நெருப்புக்கு எதிரே மிட்டனுக்கு வேலையே இல்லை. 1916 ஜட்லாண்டு கடற்போரில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வெடித்துச் சிதறிய பிறகு, வெடிப்பின் நொடிநேர அனலைத் தடுக்க வெள்ளைத் துணி முகமூடியும் நீண்ட கையுறையும் அந்தக் கடற்படைக்கு வழக்கமாயின. 1940இல் பிரிட்டன் வானப்போரில் எரியும் விமானத்திலிருந்து தப்பிய பலருக்கு முகமும் கையும்தான் கருகின. அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ அந்த விமானிகளுக்குச் செய்த தோல் ஒட்டு அறுவைகள் மருத்துவ வரலாறு. 1960களில் வந்த நோமெக்ஸ் இழை உருகாது, நெருப்பை விட்டு விலகினால் தொடர்ந்து எரியாது. உள்ளங்கையில் மெல்லிய தோல், மேலே நோமெக்ஸ் என்ற விமானி கையுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இன்றைய போட்டியாளர் மெக்கானிக் கையுறை. கார் பந்தயப் பணிமனைகளுக்காக 1990களில் வந்தது, வீரர்கள் தாங்களாகவே வாங்கிப் போட்டுப் பிரபலமாக்கினார்கள். பிடிப்பில் நோமெக்ஸை விடவும் மேல். ஆனால் சாதாரண மாடல்களில் உள்ள செயற்கை இழை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். இராக்கில் சாலையோரக் குண்டுகளில் எரிந்தவர்களைப் பார்த்த பிறகு, 2006இல் அமெரிக்க மரைன் படை முகாமுக்கு வெளியே பாலியெஸ்டர் உடைகளைத் தடை செய்தது. அதே காரணம் கையுறைக்கும் பொருந்தும்.

விரல் முட்டிகளில் கடினப் பிளாஸ்டிக் பதித்த மாடல்கள் பார்க்க மிடுக்காக இருக்கும். சுவரேறுபவருக்கு உதவும், மற்றவருக்கு வெறும் எடை. வாகனத்திலோ ஹெலிகாப்டரிலோ போகிறவருக்கு நோமெக்ஸ், பேச்சே வேண்டாம். நடந்து ரோந்து போகிறவர், தீத்தாங்கும் துணியில் தைத்த மெக்கானிக் வகையை எடுக்கலாம். டிரிக்கர் உணர்வுக்காக விரல் நுனியைக் கத்தரித்துவிடுவோர் உண்டு. அதற்குப் பதில் கைக்குச் சரியாகப் பொருந்தும் அளவை வாங்கலாம். கடுங்குளிரில் மட்டும் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப்போகும்.