நாய்க்குப் படர்தாமரை: களிம்பா, குளியலா, மாத்திரையா?

நாயின் காதோரம் வட்டமாக முடி கொட்டி, தோல் செதிலாக உரிந்தால் பலரும் முதலில் தேடுவது களிம்பைத்தான். வீட்டில் மனிதருக்கு வாங்கியது ஒன்று மிச்சம் இருக்கும், அதையே தடவிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

படர்தாமரையை உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் போன்ற பூஞ்சைகள் முடிக்குள்ளேயே வளர்பவை. வட்டத்துக்கு வெளியே, பார்வைக்கு நன்றாக இருக்கும் முடியிலும் அவை இருக்கக்கூடும். களிம்போ தடவிய இடத்தோடு நின்றுவிடுகிறது. அதையும் நாய் நக்கிவிடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னும் கெடுதல்: சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை பரவும்.

மருந்துக் குளியல் உடல் முழுவதையும் எட்டுகிறது. மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்த ஷாம்புவை வாரம் 2 முறை, சுமார் 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு-கந்தகக் கரைசலும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளை முடி மஞ்சளாகும், ஆனால் நன்றாக வேலை செய்யும். வீட்டாரிடம் தொற்றுவது உதிரும் முடியிலும் செதிலிலும் உள்ள பூஞ்சை வித்துகள்தான். அவற்றை நாயின் மேலேயே அழிப்பது குளியல் மட்டுமே.

இட்ராகோனசோல், டெர்பினாஃபின் மாத்திரைகள் முடியின் வேருக்குள் சென்று நோய்க் காலத்தைக் குறைக்கின்றன. ஆனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. பழைய மருந்தான கிரிசியோஃபுல்வினைச் சினை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. குட்டிகள் ஊனமாகப் பிறக்கும் ஆபத்து உண்டு.

குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் நான் குளியலையும் மாத்திரையையும் சேர்த்தே கேட்பேன். கூடவே, உதிர்ந்த முடியைத் தினமும் அகற்றி, படுக்கைத் துணியைத் துவைக்க வேண்டும். முடியில் ஒட்டிய வித்துகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. யாருக்காவது தோலில் வட்டச் சிவப்பு தோன்றினால் தோல் மருத்துவரிடம் நாயைப் பற்றியும் சொல்லுங்கள்.

காதில் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் என்றால் அது மலசேசியாவாக இருக்கலாம். நாய்த் தோலில் இயல்பாகவே வாழும் அந்த ஈஸ்ட் மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. அதற்காக நாயை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. எது என்று பரிசோதனைதான் சொல்லும். படர்தாமரை என்றால், முடி முளைத்துவிட்டதே என்று மருந்தை நிறுத்தாதீர்கள். முடியை எடுத்து ஆய்வகத்தில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், பூஞ்சை இல்லை என்று வரும்வரை தொடருங்கள்.