டீசல் யு.டி.வி.யா, மூன்று சிலிண்டர் பெட்ரோலா: நான் ஏன் பெட்ரோல் பக்கம் சாய்ந்தேன்

சுமைத் தட்டோடு கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு வேலை வண்டியைத்தான் யு.டி.வி. என்கிறார்கள். அப்படி ஒன்றுக்காக இரண்டு மாதம் அலைந்து, ஓட்டிப் பார்த்து, கடைசியில் பெட்ரோலில் ஓடும் கவாசாகி மியூல் புரோ எஃப்.எக்ஸ்.டி.யை வாங்கினேன். அதற்கு இறுதிவரை ஈடுகொடுத்து நின்றது டீசலில் ஓடும் குபோட்டா ஆர்.டி.வி. எக்ஸ்1140. இரண்டிலும் பின் இருக்கையை மடக்கிச் சுமைத் தட்டை நீட்டிக்கொள்ளலாம். என் வேலைக்கு அந்த வசதி கட்டாயம் என்பதால் களத்தில் இவை இரண்டுமே மிஞ்சின. நடுவில் ஹோண்டா பயனியர் 1000, போலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்பி 1000 இரண்டையும் ஓட்டினேன். அவற்றைப் பற்றிப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேகம், சுமை அளவு, பழுது பார்ப்பவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதையெல்லாம் யாரும் விசாரித்துவிடுவார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தவை இரண்டு கேள்விகள். இந்த எஞ்சின் எத்தனை ஆண்டு கைவிடாமல் உழைக்கும்? நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கும்போது காது என்ன பாடுபட்டிருக்கும்? இவை வெவ்வேறு கேள்விகள் என்று எண்ணித்தான் தேடத் தொடங்கினேன். ஓட்ட ஓட்டப் புரிந்தது, இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே. நாம் வேலை செய்யும் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் அந்த வேர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் 1,80,000 முறை சுற்றுகிறது. 5,000 சுற்றில் ஓடுவது அதே ஒரு மணி நேரத்தில் 3,00,000 முறை. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் இரண்டும் ஒரு மணி நேரம்தான். பிஸ்டன் வளையம் உரசிய தூரமோ, வால்வு ஏறி இறங்கிய எண்ணிக்கையோ அந்த மீட்டருக்குத் தெரியாது. சத்தமும் இதே வழியில்தான் வருகிறது. சுற்று ஏறும்போது எரிப்பின் ஒலி, காற்றை உறிஞ்சும் இரைச்சல், மின்விசிறி, சங்கிலி எல்லாம் சேர்ந்து ஏறுகின்றன.

இதே கண்ணோடு விவரத்தாளைப் படித்தால் அது வேறு கதை சொல்லும். குபோட்டாவில் இருப்பது 1,123 சி.சி. மூன்று சிலிண்டர் டீசல். அது தரும் திறன் 25 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. அதாவது எஞ்சின் கொள்ளளவில் ஒரு லிட்டருக்கு (1,000 சி.சி.க்கு) ஏறக்குறைய 22. மியூலின் 812 சி.சி. பெட்ரோல் எஞ்சின் 48 குதிரைத்திறன் தருகிறது, லிட்டருக்கு 59. ரேஞ்சர் எக்ஸ்பி 1000-இன் 999 சி.சி. எஞ்சின் 82 தருகிறது. லிட்டருக்கும் கிட்டத்தட்ட அதே 82. ஒரே அளவு உலோகத்திலிருந்து எவ்வளவு கறக்கிறார்கள் என்பதை இந்த எண் காட்டுகிறது. குறைவாகக் கறக்கப்படும் எஞ்சின் நிதானமாக வாழும். அந்தக் குபோட்டா டீசல் சிறு டிராக்டர்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் பயன்படும் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. 3,000 சுற்று அளவிலேயே தன் முழுத் திறனையும் தந்துவிடுகிறது. ஆயுள் மட்டுமே கேள்வி என்றால் டீசல்தான் வெல்லும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் என் உழைப்பு ஆண்டுக்கு இருநூறு மணி நேரத்தைத் தாண்டாது. அதுவும் ஐந்து நிமிடம் ஓட்டுவது, நிறுத்துவது, இறக்குவது, மறுபடி கிளப்புவது என்று துண்டு துண்டான ஓட்டம். டீசல் எஞ்சினுக்குச் சுமையும் சூடும் வேண்டும். சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் கரி படியும். இன்னொன்று, அது தட்டும் சத்தம். டீசல் உள்ளே பீய்ச்சப்பட்டதும் உடனே எரிவதில்லை. கண நேரம் தாமதித்து, சேர்ந்திருப்பது மொத்தமாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்த வெடிப்பைத்தான் நாம் ‘டக்டக்’ என்று கேட்கிறோம். எஞ்சின் குளிர்ந்திருந்தால் தாமதம் கூடும், தட்டலும் கூடும். என்னைப் போல் நாளுக்குப் பத்து முறை கிளப்புகிறவருக்கு அந்தக் குளிர்ந்த நிமிடங்கள்தான் அதிகம் வாய்க்கின்றன.

மியூலின் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் வலு, 3,500 சுற்றில் உச்சத்தைத் தொடுகிறது. 5,500 வரை விரட்டினால்தான் முழுக் குதிரைத்திறனும் கிடைக்கும். ஆனால் தட்டில் சுமையோடு மெல்ல ஊரும்போது அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. நான் அதை எடுத்ததற்கு இதுவே முதல் காரணம்.

எல்லா வண்டியின் முகப்பிலும் சுற்று காட்டும் மீட்டர் இருக்காது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) மூன்று சிலிண்டர் எஞ்சினில் எரிப்பின் அதிர்வெண்ணை நாற்பதால் பெருக்கினால் சுற்று வந்துவிடும். திரையில் 75 ஹெர்ட்ஸில் முகடு நின்றால் 3,000 சுற்று. சீரான இடைவெளியில் எரியும் இரட்டைச் சிலிண்டருக்கு அறுபதாலும் ஒற்றைச் சிலிண்டருக்கு நூற்றிருபதாலும் பெருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, அவர் கையில் கைப்பேசியைக் கொடுத்து, சுமையேற்றி, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் ஒரு மேட்டில் ஏறுங்கள். காலி வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அங்கே எல்லா எஞ்சினும் சாதுதான்.

டெசிபல் அளக்கும் செயலியையும் இதோடு சேர்த்துப் பார்த்தேன். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு. கைப்பேசி காட்டும் எண் துல்லியமானதல்ல. ஆனாலும் ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிடத் தாராளமாகப் போதும்.

அந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. சமதளத்தில் இரண்டு வண்டிகளின் எண்களிலும் பெரிய வேறுபாடில்லை. உடம்புக்கோ நன்றாகவே வேறுபாடு தெரிந்தது. பணியிடங்களில் பயன்படுத்தும் டெசிபல் அளவு, காதின் இயல்பைப் பின்பற்றி, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே எடைபோடுகிறது. நெஞ்சில் அதிரும் ‘கும்’ என்ற ஒலி அந்த எண்ணில் சரியாக விழாது. கதவும் கண்ணாடியும் கூரையும் அடைத்த கேபினில் இது இன்னும் மோசம். வெளி இரைச்சல் குறைகிறது. தாழ்ந்த அதிர்வு பெட்டிக்குள் சிக்கிக்கொண்டு முரசு போல் ஒலிக்கிறது. ஆகவே கேபினோடு வாங்குகிறவர்கள் கேபின் மாட்டிய வண்டியைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். கதவைச் சாத்தி, மெல்ல மெல்லச் சுற்றை ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு சுற்றில் கூரை சேர்ந்து அதிரும். அந்தச் சுற்று உங்கள் அன்றாட வேகத்தில் வந்து விழுந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

சிலிண்டர் எண்ணிக்கை இங்கேதான் கைகொடுக்கிறது. 3,600 சுற்றில் ஒற்றைச் சிலிண்டர் நொடிக்கு முப்பது முறை அடிக்கிறது; மூன்று சிலிண்டர் தொண்ணூறு முறை. முதலாவது அடி, இரண்டாவது ரீங்காரம். நான் முன்பு வைத்திருந்தது ஒற்றைச் சிலிண்டர். மாலையில் இறங்கிய பிறகும் கைவிரல்களில் அதன் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்ரோல் பக்கத்தின் உண்மையான பலவீனம் எஞ்சினில் இல்லை, பெல்ட்டில் இருக்கிறது. மியூலும் ரேஞ்சரும் பெல்ட்டில் ஓடும் தானியங்கி அமைப்பைக் கொண்டவை; மேல் கியர், கீழ் கியர் என்று தேர்ந்துகொண்டால் போதும், ஓடும்போது கியர் மாற்ற வேண்டியதில்லை. குபோட்டாவில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்பு. அறுந்துபோகப் பெல்ட்டே இல்லை. அதற்கே உரிய சன்னமான ஊளை மட்டும் உண்டு, சிலருக்கு அது எரிச்சலூட்டும். பெல்ட் வண்டியில் ஒரு பொறி இருக்கிறது. சத்தம் குறையட்டும் என்று மேல் கியரிலேயே வைத்து, சுமையோடு மேட்டில் ஊர்ந்து ஏறுவார்கள். எஞ்சின் அமைதியாகத்தான் இருக்கும். உள்ளே பெல்ட் வழுக்கிச் சூடேறிப் பொசுங்கிக்கொண்டிருக்கும். சுமையும் மெதுவான ஏற்றமும் சேர்ந்தால் கீழ் கியர்தான் போட வேண்டும். சுற்று கொஞ்சம் ஏறும், ஏறட்டும். சுற்று குறைவாக இருப்பது நல்லது என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே, இந்த ஓர் இடத்தில் அந்த விதியை மீறச் சொல்கிறேன்.

பயனியர் 1000-இல் பெல்ட் இல்லை; இரட்டைக் கிளட்ச் கொண்ட, பல்சக்கரக் கியர் பெட்டி. பெல்ட் பயமும் வேண்டாம், டீசல் தட்டலும் வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் ஓட்டியது ஒரே ஒரு பிற்பகல் என்பதால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ரேஞ்சரின் இழுவை அருமை. எனக்குத்தான் அவ்வளவு திறனுக்கு வேலை இல்லை. டீசல் வண்டியோடு நான் கழித்ததும் மொத்தம் இரண்டு அரை நாள்கள். ஆண்டுக்கு ஐந்நூறு, அறுநூறு மணி நேரம், தினமும் மணிக்கணக்காகச் சுமையிழுக்கும் வேலை உள்ளவர் என் சாய்வைப் பொருட்படுத்தாமல் டீசலை எடுக்கலாம். சத்தமே ஆகாது என்பவர்களுக்கு ரேஞ்சர் எக்ஸ்பி கைனெட்டிக் போன்ற மின்சார வண்டி இருக்கிறது: 110 குதிரைத்திறன், 14.9 அல்லது 29.8 கிலோவாட் மணி மின்கலம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது. ஓடிய கிலோமீட்டரை ஹவர் மீட்டரின் எண்ணால் வகுங்கள். 600 மணி நேரத்தில் 6,000 கிலோமீட்டர் என்றால் சராசரி 10. பெரும்பாலும் நின்றபடியும் ஊர்ந்தும் வேலை செய்த வண்டி. அதே 600-இல் 18,000 என்றால் சராசரி 30, விரட்டப்பட்ட வண்டி. முதல் வகையில், ஆயிலை மணிக்கணக்கைப் பார்த்து மாற்றினார்களா என்று கேளுங்கள். இரண்டாவதில் பெல்ட்டையும் சக்கரத் தாங்கிகளையும் பாருங்கள். வருவதற்கு முன் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் பத்து நொடியில் கேட்கும் ஒலியை வேறு எப்போதும் கேட்க முடியாது.

பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபில்டரில் தூசி இருப்பது இயல்பு, அதன் வேலையே அதுதான். பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த குழாய், எஞ்சின் பக்கம் போகும் குழாய். என் முந்தைய வண்டியில் ஃபில்டர் மூடியின் கவ்வி ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. ஆயில் குறையத் தொடங்கி, நீலப் புகை வந்த பிறகுதான் அந்தக் குழாய்க்குள் விரலை விட்டேன். மாவு போன்ற மெல்லிய மண் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மண்தான் வளையங்களைத் தேய்த்திருந்தது. புதிய வண்டிக்கு மாதம் ஒருமுறை அதே குழாயில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பார்க்கிறேன். இதுவரை துணி வெள்ளையாகவே வருகிறது.