பயாஸ் பூட்டுப் போட்ட லேப்டாப்பை லினக்ஸுக்கு என்று விற்கிறார்கள்: நெல்லைக்காரர்கள் கவனம்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பழைய லேப்டாப் விற்கும் ஒரு கடையில், என் தங்கச்சி மகனுக்கு 21,000 ரூபாய் கொடுத்து ஒரு மெஷின் வாங்கினோம். நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுவதற்காக இந்த வட்டாரத்தில் செகண்ட் ஹேண்ட் தேடுகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பையன் பாளையங்கோட்டையில் படிக்கிறான். சர்வர் வேலை கற்றுக்கொள்ள டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட வேண்டும், அதற்குள் விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே மெஷினுக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்கள்) ஓட வேண்டும். கடையில் இதைத் தெளிவாகச் சொன்னோம். “லினக்ஸ் தாராளமா ஓடும் அண்ணாச்சி, பெரிய கம்பெனில இருந்து வந்த சரக்கு, பேட்டரியும் புதுசு” என்றார் கடைக்காரர். எங்கள் பென் டிரைவைச் செருகிப் பார்க்கிறோம் என்றதும், வாரண்டி போய்விடும் என்று தடுத்துவிட்டார். அது சுத்தப் பொய். பென் டிரைவிலிருந்து லினக்ஸை லைவ்வாக, அதாவது மெஷினில் ஏற்றாமலே, ஓட்டிப் பார்ப்பதற்கு உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடவே வேண்டியதில்லை.

வீட்டில் வைத்துப் பார்த்தால் பென் டிரைவிலிருந்து மெஷின் கிளம்பவில்லை. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே மெஷினைக் கிளப்பும் அடிப்படை அமைப்புக்குள், நுழையப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. பழைய கம்பெனி போட்ட பூட்டு, யாரும் எடுக்கவில்லை. அலுவலக மாடல்கள் பலவற்றில் இந்தப் பாஸ்வேர்டு மதர்போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருக்கும். பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அழியாது.

கடைக்குத் திரும்பப் போனோம். “விண்டோஸ் நல்லா ஓடுதுல்லா? பெறவு என்ன?” என்று கேட்டார். சிப்பை மாற்ற 3,500 ரூபாய் தனியாக ஆகுமாம். அவரே விற்ற பூட்டைத் திறக்க நாங்கள் காசு கொடுக்க வேண்டும்!

டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் டெபியன் ஏற்றி மாட்டிப் பார்த்தோம். சரி, ஓடியது. ஆனால் பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் அதை இயக்க வழியே இல்லை. லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கேவிஎம் கிளம்ப மறுக்கிறது. எதற்காக வாங்கினோமோ அந்த வேலைக்கே உதவாது. லினக்ஸ் உள்ளே போன பிறகு பேட்டரிக் கணக்கும் வெளியே வந்தது: 48 வாட்-அவருக்குச் செய்த பேட்டரி, முழுதாக ஏற்றினாலும் 26-க்கு மேல் போகவில்லை. இதைத்தான் புதுசு என்றார்.

இந்த மாதிரி மெஷின்கள் இப்போது மலிவாகக் கிடைக்கக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களில் ஏறக்குறைய எல்லாமே விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லாததால் கம்பெனிகள் கழித்துவிடுகின்றன. லினக்ஸுக்கு அவை நல்ல மெஷின்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பூட்டை எடுக்காமல் கைமாறி வருகிற சரக்கும் அதில் கலந்திருக்கிறது.

அதனால் கடைக்கே லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவோடு போங்கள். டெபியன் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் வைஃபைக்கான ஃபர்ம்வேர் (கார்டு இயங்கத் தேவையான மென்பொருள்) பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். முதலில் பயாஸைத் திறக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பிறகு லைவ்வாக ஓட்டி வைஃபை, கேமரா, சத்தம் பாருங்கள், மூடியை மூடித் திறந்து தூங்கி எழுகிறதா என்றும் பாருங்கள். வைஃபை கார்டு இன்டெல் என்றால் தொல்லை குறைவு, பிராட்காம் என்றால் யோசியுங்கள். ஸ்டிக்கரில் ஐ5 என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்: ஆறாம் தலைமுறை லேப்டாப் ஐ5-களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே கோர், எட்டாம் தலைமுறை ஐ5-8250யு-வுக்கு நான்கு. பென் டிரைவைச் செருக விடாத கடையில் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் கட்டாயம் எழுதி வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்தது “லேப்டாப் 1” என்று எழுதிய துண்டுச்சீட்டு.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பணம் அனுப்பிய விவரத்தையும் கடைக்காரரின் வாட்ஸ்அப் பேச்சையும் சேர்த்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பேட்டரியை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று இப்போது சொல்லிவிட்டிருக்கிறார். எங்களுக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும்.