பருத்தித்துறை வீட்டில் சிக்னல் பூஸ்டர்: சில மாரிகளுக்குப் பிறகு

2023இல் எங்கள் வீட்டில் பூட்டிய சிக்னல் பூஸ்டர், அதாவது போன் டவரின் சிக்னலை வெளியே பிடித்துப் பெருக்கி வீட்டுக்குள் விடும் கருவி, இன்னும் ஓடுகிறது. கதைக்கவும் எஸ்எம்எஸ் வரவும் என்றால் இதை யோசிக்கலாம். இணைய வேகத்துக்காக என்றால் அந்தக் காசை வேறு எதிலாவது போடுங்கள். காரணத்தைச் சொல்ல முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும்.

முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, சுண்ணாம்புக்கல்லில் கட்டிய தடித்த சுவர். பின்பக்கம் பிறகு எடுத்த இரண்டு அறையும் குசினியும், மேலே கொங்கிறீற் பிளேட். யாழ்ப்பாணம் முழுக்கத் தட்டை நிலம். பனைக்கு மேலால் டவரின் தலை தெரியும், மறைக்க மலை கிடையாது. எங்களுக்கு வடக்கே கடல்தான், அந்தப் பக்கம் டவர் இருக்க வழியில்லை. எங்களுக்குச் சிக்னல் பெரும்பாலும் தெற்கிலிருந்துதான் வரும். விறாந்தையில் ஓரளவு கதைக்கலாம். பின்னறைக்குள் போனால் “ஹலோ, கேக்குதோ?” என்பதோடு கோல் அறுந்துவிடும். அம்மாவின் கட்டில் இருப்பது அந்த அறையில்தான். வங்கி அனுப்பும் ஓடிபி எண் அது காலாவதியான பிறகு வந்து சேரும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வட்ஸ்அப்பில் எடுப்பதால் வைபை இருந்தால் அது தப்பிவிடும். கிளினிக்கில் இருந்து சாதாரண நம்பருக்கு வரும் கோல்தான் தவறிப்போகும்.

போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள், எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் பாட்டுக்கு வைத்துக்கொள்கிறது. அன்ட்ரொய்ட் போனில் அமைப்புகளுக்குள் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் சிம் நிலையைப் பார்த்தால் எண் தெரியும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைத்தால் சோதனைத் திரை திறக்கும். எண் மைனசில் வரும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. 4ஜியில் −85 என்றால் நல்ல நிலை, −110ஐத் தாண்டினால் சிரமம், −120க்குக் கிட்ட எப்போது அறும் என்று சொல்ல முடியாது. எங்கள் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே −84 காட்டியது. விறாந்தையில் −101, அம்மாவின் அறையில் −119. இந்த எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை டெசிபெல்லில் சொல்வார்கள், மூன்று டெசிபெல் குறைந்தாலே சக்தி பாதியாகிவிடும். அந்தக் கணக்கில் மேலே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அறைக்குள் வரவில்லை.

காசு செலவழிக்க முன்னர் இன்னும் சிலதைப் பார்த்துவிடுங்கள். வேறு நிறுவனத்து சிம் ஒன்றை அதே அறையில் போட்டுப் பாருங்கள். சில வீடுகளில் சிம்மை மாற்றுவதோடு பிரச்சினை முடிந்துவிடுகிறது. உங்கள் போனும் சேவையும் வைபை அழைப்புக்கு இடம் கொடுத்தால், வீட்டில் பைபர் இணைப்பும் இருந்தால், பூஸ்டர் தேவையே இல்லை. எங்களுக்கு அது சரிவரவில்லை. அம்மா வைத்திருப்பது பட்டன் போன், அதற்கு வைபை என்றால் என்னவென்றே தெரியாது. ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுக்கப் பார்த்தோம். “எனக்கு உதெல்லாம் வேண்டாம் தம்பி, இதில பச்சையை அமத்தினாக் கதைக்கலாம்” என்று முடித்துவிட்டார்.

பூஸ்டர் பெட்டியைக் கடையில் வாங்கித் தாங்களே பூட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையின் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வானலைக் கருவிக்கு அனுமதி வேண்டும், அதைக் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இது வெறும் கடதாசி வேலை கிடையாது. தரமில்லாத பூஸ்டர் டவரை நோக்கி இரைச்சலைத் தள்ளும். அப்போது உங்கள் வீட்டில் நாலு கோடு நிற்கும், ஒழுங்கையில் மற்றவர்களின் கோல் அறும். நாங்கள் சேவை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்களின் ஆட்கள் வந்து அளந்து, அவர்கள் அனுமதித்த கருவியைத்தான் பூட்டினோம். தாமதமாகத்தான் வந்தார்கள், ஆனால் வந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

ஆட்களுக்குக் கருவியின் விலையில்தான் கண். உண்மையில் எல்லாம் அன்டெனா நிற்கும் இடத்தில் இருக்கிறது. வெளியே ஒரு அன்டெனா, நடுவில் பெட்டி, உள்ளே இன்னொரு அன்டெனா. உள் அன்டெனா விடும் சிக்னலை வெளி அன்டெனா திரும்பப் பிடித்தால் அது மறுபடி பெருகி உள்ளே வரும், சுற்றிச் சுற்றி ஊளையிடத் தொடங்கும். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் கீச்சிடுமே, அதேதான், காதுக்குத்தான் கேட்காது. நல்ல பெட்டி இதை உணர்ந்து தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சிவப்பு விளக்கு மினுங்கும். பெட்டியின் பெருக்கம் 70 டெசிபெல் என்றால், இரண்டு அன்டெனாவுக்கும் இடையிலான தடுப்பு அதைவிடக் கிட்டத்தட்ட 15 டெசிபெல்லாவது கூட இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கள் கொங்கிறீற் பிளேட் உதவிக்கு வந்தது. சிக்னலை உள்ளே விடாமல் மறித்த அதே பிளேட், உள் அன்டெனாவின் சிக்னலை மேலே போகவிடாமலும் மறிக்கிறது. வந்தவர்கள் முதலில் உள் அன்டெனாவை ஓட்டுக்கூரைக்குக் கீழே நடு அறையில் வைத்துப் பார்த்தார்கள். ஓடு மறைக்காது, சிவப்பு விளக்கு அணையவேயில்லை. பின்னறைக்கு மாற்றியதும் பச்சை. வெளி அன்டெனாவைத் தாங்கிக்குப் பக்கத்தில் ஜிஐ குழாயில் கட்டி, முகத்தைத் தெற்கே திருப்பி, போனில் எண்ணைப் பார்த்துப் பார்த்து மெல்ல மெல்ல அசைத்தார்கள். சின்னத் திருப்பத்துக்கே ஆறேழு டெசிபெல் மாறியது.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். மெல்லிய கேபிளில் 10 மீற்றருக்கு 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 5 டெசிபெல்லுக்கு மேல் போய்விடும். தடித்ததில் ஒன்றரைக்கு உள்ளேதான். 1800இல் இரண்டிலுமே இழப்பு இன்னும் கூடும்.

பிறகு அம்மாவின் அறையில் 4ஜி −88 காட்டியது. பட்டன் போன் பிடிப்பது 900இல் 2ஜி, அதில் அன்றிலிருந்து கோல் அறுவதில்லை. ஓடிபி உடனே வருகிறது. என் போனின் பற்றரியும் முன்னரைவிடக் கூட நேரம் நிற்கிறது. சிக்னல் குறைந்த இடத்தில் போன் முழுச் சக்தியோடு டவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், இப்போது அது தேவையில்லை.

இணைய வேகம் மட்டும் பெரிதாக ஏறவில்லை. டவரும் போனும் 4ஜியில் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது நாலு ஓடைகளாகத் தரவு அனுப்பக்கூடியவை. ஒற்றைக் கேபிளில் ஓடும் பூஸ்டர் அதை ஒன்றாக்கிவிடும். எங்களுடைய பெட்டி 900, 1800 இரண்டையும்தான் பெருக்குகிறது, 2300 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை அதற்குத் தெரியாது. போதாததற்கு அது இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். மாலையில் ஊரே படம் பார்க்கும்போது டவரில் வரும் நெரிசலுக்கு எந்தப் பூஸ்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மாரிதான் இதற்குச் சோதனை. முதல் மாரியிலேயே ஒரு இணைப்புக்குள் தண்ணீர் போய், மழை நாட்களில் சிக்னல் விழுந்தது, வெயில் வந்தால் ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டால் கருவியைச் சந்தேகிக்காமல் இணைப்பைப் பாருங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அதிலேயே சொட்டிவிடும். இணைப்புக்கு மேலே இழுத்துச் சுற்றினால் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடா போட வேண்டும். சாதாரணக் கறுப்பு ரேப் எங்கள் வெயிலில் உரிந்துவிடும். கடற்காற்று கவ்விகளைத் தின்றுவிட்டது, எவர்சில்வரில் மாற்றினோம். சோழகம் பலமாக வீசியதும் அன்டெனா கொஞ்சம் திரும்பியிருந்தது. இப்போது சரியான திசையைக் குழாயில் பெயின்றால் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

இடி மின்னலுக்குப் பயம் இருக்கத்தான் வேண்டும், கூரைக்கு மேலே நிற்கும் இரும்பு அது. குழாயை நிலத்துக்கு எர்த் பண்ணியிருக்கிறோம். வானம் கறுத்தால் அம்மாவே பிளக்கைக் கழற்றிவிடுவார். கரண்ட் போனால் பூஸ்டரும் போகும். ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் எங்கள் பெட்டி ஓடுகிறது, வோல்ற்றேஜ் பொருந்துகிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். ஆனால் 2022 போல ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினால் டவரின் பற்றரியே இறங்கிவிடும். பெருக்குவதற்கு அப்போது ஒன்றும் இருக்காது.

பக்கத்து வளவு அண்ணை இதைப் பார்த்துவிட்டுத் தானும் பூட்டப்போவதாகச் சொன்னார்.

“முதல்ல உங்கட வீட்டுக்கு மேல ஏறி எண்ணைப் பாருங்கோ அண்ணை,” என்றேன்.

அவருடையது தகரக் கூரை, சுற்றிவரப் பெரிய மாமரங்கள். ஏணி வைத்து ஏறிப் பார்த்தார், மேலேயும் −113தான். நல்ல உயரத்துக்குக் குழாய் ஏற்றினால் ஒழிய பூஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தகரத்துக்குக் கீழே ஜன்னலே இல்லாத அறையில் இருந்த 4ஜி ரவுட்டரை மரம் இல்லாத கிழக்கு ஜன்னலுக்கு மாற்றி வைத்தோம். இப்போது வீட்டுக்குள்ளிருந்தே மகளோடு வட்ஸ்அப்பில் கதைக்கிறார். சாதாரணக் கோலுக்கு அவர் இன்னமும் படலையடிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. மாமரத்தின் ஒரு கிளையைத் தறிக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது, அவர் வீட்டு அக்காவுக்கு அதில் சம்மதம் இல்லை.